வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

நள்ளிரவுச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிஷம்.
முக்கோணச் சோற்றுருண்டையின் உறையைப் பிரிப்பதற்குள்
நூறு வோன் கழிந்துவிடும்,
அத்தியாயம் எண்பத்தேழு திறந்துவிடும்.

வடதிசைக் கோமகன் இன்றும் தூங்கவில்லை.
அவள் வண்டி எந்தத் திருப்பத்தில் தாமதித்தது,
யாரிடம் எத்தனை வார்த்தை பேசினாள்,
தேநீரை ஏன் பாதியில் வைத்தாள்,
எல்லாம் தெரியும் அவனுக்கு.
அவள் இருமினால் மூன்று வைத்தியர்கள்.
அவளைப் பார்த்துச் சிரித்த சிற்றரசனுக்கு
அடுத்த பத்தியில் நாடு இல்லை.

நான் இருமுகிறேன்.
இச்சொன் கிடங்கில், நான்காம் வரிசையில்,
பெல்ட் நகர்கிறது.

ஒரு ராத்திரிக்கு மூவாயிரம் முகவரிகள் என் கைவழியே போகும்.
எந்தக் கதவுக்கு நாய்த்தீனி, எதற்கு டயப்பர்,
எந்த வீட்டில் புதிதாகக் கட்டில் வாங்கியிருக்கிறார்கள்,
எல்லாம் தெரியும் எனக்கு.
என் பக்கம் திரும்பும் ஒரே கண் ஸ்கேனருடையது.
சிவப்பாய், அரை நொடி.
அதுவும் பெட்டியைத்தான் பார்க்கும்.

"இவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கணும்டி"
என்று என் திரையை எட்டிப் பார்த்துச் சொன்னீர்களே,
இன்-சுக் அக்கா,
நான் பதில் பேசவில்லை.
முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு போய்
பதினொரு நாள் காத்திருந்ததாக
நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள்.
பன்னிரண்டாம் நாளும் உங்கள் வீட்டுக்காரர்
"ரிமோட் எங்கே" என்றாராம்.

ஆனால் போலீஸ் விஷயம் சரிதான்.

தனியறைக் கட்டடங்களுக்குப் போகும் பெட்டிகளைப் பாருங்கள்.
உள்ளே பூப்போட்ட தலையணை உறை, மாதவிலக்குப் பஞ்சு.
மேலே ஒட்டிய பெயரெல்லாம்
மா சொல்-கு, தோக்கோ பம்,
மலையைக் கடித்துத் துப்பியவன் மாதிரிப் பெயர்கள்.
என் பெட்டி பேங் தொல்-சொக் பெயருக்கு வரும்.
கல் என்று அர்த்தம் வரட்டும் என்று நானே வைத்தேன்.
பழைய சந்தையில் அவனுக்கு பூட்ஸ் வாங்கினேன், அளவு 280.
கதவுக்குப் பக்கத்தில் நிற்கும்.
வாரம் ஒருமுறை இடம் மாற்றுவேன்.
மழை பெய்தால் கொஞ்சம் நனைத்து வைப்பேன்.

போன நவம்பரில், எனக்கு விடுமுறை ராத்திரி,
மூன்று மணிக்கு யாரோ என் பூட்டின் எண்களை அழுத்தினார்கள்.
நான்கு எண். நிறுத்தம்.
மறுபடி நான்கு எண்.
குடித்துவிட்டு மாடி மாறி வந்தவனாக இருக்கலாம்.
போர்வைக்குள் போனை மார்போடு கவிழ்த்துப் பிடித்தேன்.
அதற்குள்ளும் ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்:
திற, நீயில்லாவிட்டால் செத்துப்போவேன்.
காசு கொடுத்து நான் திறந்த அத்தியாயம்.
இனிக்க இனிக்க வாசித்துக்கொண்டிருந்தது.

அன்றோடு விட்டேனா என்றால் இல்லை.
மறுநாளே அடுத்தது.
இவன் நான் அழைத்தால்தான் வருவான் அக்கா.
விரலை எடுத்தால் பாதி வாக்கியத்தில் நிற்பான்.
அவளுக்குத்தான் அந்த வசதி இல்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் அவள் வரைபடம் வரைந்தாள்.
ஞாபகமிருக்கிறது,
ஆற்றுக்கு எந்த நீலம் என்று ஒரு பக்கம் முழுக்கக் குழம்பினாள்.
நாற்பதுக்கு அப்புறம் பேனாவைத் தொடவேயில்லை.
சந்தேகம் வந்து பின்னால் போய்த் தேடினேன்.
நாற்பத்தேழு அத்தியாயம்.
அவள் இமை துடித்த கணக்கு வைத்திருப்பவன்
இதைக் கவனிக்கவில்லை.
எழுதுகிறவருக்கும் மறந்துவிட்டதோ என்னவோ.

காலை ஐந்தே முக்கால். கம்பெனி பஸ்.
பனியில் வழுக்காமல் மாடியேறி
பூட்டைத் திறந்ததும்
சட்டைக் கையால் எண்களைத் துடைக்கிறேன்,
விரல்தடம் தெரியக்கூடாது.
உள்ளே ஒரு பூட்ஸ் சாய்ந்து விழுந்திருக்கிறது.
நிமிர்த்தி வைக்கிறேன்.

தொல்-சொக், வந்துட்டேன்.
நான் தேநீரைப் பாதியில் வைப்பது உனக்குத் தெரியாது.
சில நாள் அது போதும்.
சில நாள் போதாது.

சார்ஜரைச் செருகுகிறேன்.