வெட்டு

இரவு பத்து முதல் பன்னிரண்டரை வரை
வில்லிஸ்டனுக்கு மின்சாரம் கிடையாது.
அட்டவணை கடைக் கதவில் ஒட்டியிருக்கிறது,
ஆட்டுத்தொடை விலைக்குப் பக்கத்தில்.

குளிர் அறையில் பதினோரு ஆடுகள்.
கதவைத் திறக்காதவரை தாங்கும்.
திறக்க ஆளில்லை,
நான் பின்முற்றத்தில் தொலைநோக்கியோடு.

தெருவிளக்கு, பெட்ரோல் பங்க்,
தேவாலயத்து உச்சிச் சிலுவை,
எல்லாம் ஒரே வெட்டில் போகும்.
வெட்டிப் பிழைப்பவன் சொல்கிறேன்:
இத்தனை சுத்தமாக
நான் ஒருநாளும் வெட்டியதில்லை.

உலை என்று பெயர் வானத்தின் அந்த மூலைக்கு.
நெருப்பில்லை, புகையில்லை,
சோகை பிடித்த நாலு நட்சத்திரம்.
அங்கேதான் இருக்கிறதாம்
கொக்கிபோல் இரு கை வளைந்த ஒரு விண்மீன் திரள்.
சுமார் ஆறு கோடி ஒளியாண்டு.
அந்த ஒளி கிளம்பியபோது
உலகத்தில் ஆடே கிடையாது.
எனக்கு வேலை இருந்திருக்காது.

மூன்று இரவாகப் பார்க்கிறேன்.
கறுப்பு.
கறுப்புக்குள் கொஞ்சம் பழைய கறுப்பு.

பக்கத்து வீட்டில் லெட்டி
ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கிறாள்.
முதல் இழுப்பில் கிளம்பாது. இரண்டாவதிலும்.
அதற்குள் ஃப்ளோரிஸின் ஆக்சிஜன் மெஷின்
கீச்சிடத் தொடங்கியிருக்கும்.
பிரீஸ்காவின் நீலக் கல்நார்
அவன் நெஞ்சில் பாதியைத் தின்றுவிட்டது.

நேற்று ஓடிப்போய் இழுத்துக் கொடுத்தேன்.
இன்று போகவில்லை.
அவள் கையில் டார்ச் இருக்கிறது;
இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும்.
இதை நான் யோசித்தேன், உட்கார்ந்தபடியே,
இழுப்புகளை எண்ணிக்கொண்டு.

ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது.
சுவர் அதிர்ந்தது. அதிர்வு மண்ணுக்குள் இறங்கி
முக்காலியின் கால்வழி ஏறிக்
குழாய்க்கு வந்து சேர்ந்தது.
நட்சத்திரங்கள் மாவுப் புழுக்களாய் நெளிந்தன.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

நெளிந்தவற்றின் நடுவே
நட்சத்திரமல்லாத ஒன்றும் நெளிந்தது.
கண்ணாடியில் யாரோ விட்ட மூச்சுபோல
ஒரு மங்கல்.
அசையாதிருந்தவரை இல்லாதது.
புதரடி முயலும் அப்படித்தானே,
ஓடும்போதுதான் கண்ணுக்கு முயல்.

இரண்டு மணி நேரம்
டீசல் தீரும்வரை அது எனக்குத் தெரிந்தது.
அந்தப் பக்கம் ஃப்ளோரிஸ் மூச்சை இழுத்தான், விட்டான்.
நான் என் மூச்சைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் லெட்டி வந்தாள்.
கழுத்துக்கறி ஒரு கிலோ கேட்டாள்.
ஒன்றரை வைத்து, ஒன்றுக்குக் காசு வாங்கினேன்.
தராசைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
உள்ளங்கையில் கயிறு அறுத்த சிவப்புக் கோடு.

"ராத்திரி எங்கள் சத்தம்
உனக்கு ரொம்பத் தொந்தரவா?" என்றாள்.