பீலிக்கான செலவு

எங்கள் சங்கத்தின் பெயர்
பற்றுச்சீட்டில் ஒரு வரிக்குள் அடங்காது.
'தீவின் மரபுக் கட்டடங்களைப் பேணும்' என்று
மடிந்து விழுந்து
அடுத்த வரியில்தான் 'மன்றம்' வரும்.
வங்கியில் இருப்பதோ
ஒரு வரிக்குள் தாராளமாய் அடங்கும்.
நான் பொருளாளர். எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் டாம் வீதியில்
ஆணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் கூடுவோம்.
ஆறு பேர், ஐந்து கதிரை.
ஊர்லோஃப் நின்றபடியே பேசுவார்,
அது அவருக்கும் பிடிக்கும்.

இம்முறை கொம்பனித்தெருவில் ஒரு வீடு.
ரயில் போனால் யன்னல் கண்ணாடி நடுங்கும் தூரம்.
மேலே மரச்சட்டப் பல்கனி,
நெற்றியில் சுண்ணாம்பில் பிடித்த கொடிப்பூ,
பூவுக்குள் ஆண்டு:
ஒன்று, எட்டு,
பிறகு இரண்டு பள்ளங்கள்.
எண்பதுகள் என்றார் ஊர்லோஃப்.
தொண்ணூறுக்குப் பிந்தியது என்றாள் வஜிரா.
உதிர்ந்த இரண்டு இலக்கத்துக்காக
நடுத்தெருவில் இருபது நிமிடம் வாதாடினோம்.
ஓட்டோக்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

அளவு நாடாவின் நுனியைப் பிடித்தபடி உள்ளே போனேன்.
பதினான்கு அடி மூன்று அங்குலம்.
பதினொன்றரை.
சுவரின் தடிப்பு, என் கை முழங்கை தாண்டி.
நான் சொல்லச் சொல்ல வஜிரா எழுதினாள்.
ஜெனீரா சல்டின் எங்களுக்கு முன்னால் போய்
வாளிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.
கட்டிலின் கால்மாட்டில் ஒன்று,
தையல் மெசினருகே ஒன்று,
மூன்றாவது வாளியில்லை, சோற்றுப் பானை.

'அதையும் எழுதுங்கோ' என்றாள்.

எதிர்ப்புறம் முப்பத்தெட்டு மாடி எழும்பி
அவள் முற்றத்து வெயிலை எடுத்துக்கொண்டிருந்தது.
'அவங்கள் ஏழாம் மாடியில் வீடு தாறாங்கள்,
லிஃப்ட் இருக்கு, ஒழுகாது.
நீங்கள் என்ன தருவீங்கள்?'

ஊர்லோஃப் முதல்முறையாக
கேட்காமலே கதிரையில் இருந்தார்.

நான் அறையைப் பார்த்தேன்.
யன்னல், அலுமாரி, சாவி,
கப்பலில் வந்த சொற்கள்.
மூலையில் லாச்சி பிதுங்கி நின்ற மேசை,
அதுவும் அப்படித்தான்.
ஆண்டவர்கள் போய்விட்டார்கள்,
சொற்களைச் சட்டைபோல் ஆணியில் மாட்டிவிட்டு.
ஒழுக்கு மட்டும்
எங்கள் சொந்தச் சொல்.

மெல்பேணிலிருந்து ஒருவர் அனுப்பிய பணம் இருந்தது.
கடிதத்தில் அடிக்கோடிட்டு:
*முகப்புக்கு மட்டும்.*
புகைப்படத்தில் தெரிகிற பக்கத்துக்கு.
அவர் தாத்தா அந்தத் தெருவில்
எங்கேயோ சைக்கிள் ஓட்டியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை வாக்கெடுத்தோம்.
கொடிப்பூவா, பீலியா.
மூன்றுக்கு மூன்று.
கடைப் பையன் தேநீர் கொண்டுவந்தான்,
அவனிடம் கேட்டோம், சட்டப்படி தவறுதான்.
'மழை பெய்யுதே' என்றான்.

செலவேட்டில் இப்படி எழுதினேன்:
*முகப்பைப் பாதுகாக்கும் பூர்வாங்கப் பணி, மழைநீர்.*
பொய்யில்லை.
சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான்
பூவை ஊதவைத்து உதிர்க்கிறது.
முழு உண்மையுமில்லை.
அந்த வரியை எழுத
ஒரு பின்னேரம் எடுத்தது.

அன்ரன் பாஸ் வந்தார்,
இரண்டு பையன்களோடும் ஒரு கிழிந்த குடையோடும்.
சிமெந்து கொண்டுவந்த பையனைத் திருப்பி அனுப்பினார்.
'இந்தச் சுவர் மூச்சு விடுறது,
வாயைப் பொத்தாதே.'
சுண்ணாம்பு தொட்டியில் மூன்று வாரம் ஊறியது.
நாகத் தகட்டில் பீலி வளைந்தது.
பல்கனிச் சட்டத்தில்
நான்கை மட்டும் மாற்றினார்.

ஐப்பசியில் ஒரு இரவு
கொழும்பே இடிந்து விழுவதுபோல் இடி.
எனக்கு நித்திரை வரவில்லை,
கணக்குப் பார்ப்பவனுக்கு மழை வேறுமாதிரிக் கேட்கும்.
விடிய ஏழு மணிக்குத் தொலைபேசி.

'பானை அடுப்பில இருக்கு' என்றாள் ஜெனீரா.
கொஞ்சம் பொறுத்து,
'கால்மாட்டு வாளி அங்கேயேதான்.'

ஏழாம் மாடிக் கடிதத்தைப் பற்றி
அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பூவுக்குள் இன்னும்
ஒன்று, எட்டு.
அடுத்த கூட்டத்துக்கு வஜிரா
எங்கிருந்தோ பழைய வரிச்சீட்டு ஒன்றுடன் வருகிறாளாம்.
ஊர்லோஃப் இப்போதே எழுந்து நிற்கிறார்.