சட்டிக்கறி

வந்து இறங்கிய மூன்றாம் நாள்
ஆன்றோஸுக்கு வயிறு கலங்கியது.
சாளைப் புளிமுளம்தான் என்றாள் மாமி.
இரண்டு வருஷம் முகரக்கில்
குப்பூஸிலும் தயிரிலும் கிடந்த குடல்
குளச்சல் வத்தலைக் கண்டதும்
கடவுச்சீட்டு கேட்டு
வரிசைக்கு வெளியே நிறுத்திவிட்டது.
பயறு போட்டுக் கஞ்சி கொடுத்தேன்.
பப்படத்தைக் கையிலிருந்து பிடுங்கினேன்.

எங்கள் கல்யாணமே
'என்ன கறி' என்ற கேள்வியில்தான்
பதினொரு வருஷம் ஓடியிருக்கிறது.
அங்கே எட்டு மணி, இங்கே பத்தரை.
ராத்திரிச் சோற்றோடு போனில் வருவார்.
ஜெர்சிலின் உறங்கியிருப்பாள்.
நான் தோசைமாவில் உப்புப் போட்டுக்
கலக்கிக்கொண்டிருப்பேன்.
என்ன கறி?
சம்மந்தி மட்டும் அரைத்த அன்றைக்கும்
நெய்மீன் என்பேன்.
நெய்மீன் விலை அவருக்கும் தெரியும்.
அங்கே என்ன கறி?
பிரியாணி என்பார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
கட்டில்கால் பக்கத்தில்
திறந்த டின் ஒன்று மின்னும்.
கடலில் மீன் பிடிக்கிற ஆள்
டின்மீன் தின்கிறதை
நான் பார்க்கவில்லை என்றே
இருவரும் வைத்துக்கொண்டோம்.

ஞாயிறு பூசை முடிந்து
கடப்புறத்து ஏலத்தில்
ஒரு முழ நீளத்துக்கு விளமீன் வாங்கி வந்தார்.
அங்கே உனக்கு ஷேரி என்று பேர் என
மீனிடமே சொல்லிக்கொண்டு செதிள் களைந்தார்.
நான் தேங்காய் அரைத்தேன்,
மாங்காய் கீறிப் போட்டேன்.
கறி கொதித்து வரும் நேரம்
என் கல்யாணத்துக்கு வெற்றிலை சுமந்த
பித்தளைத் தாம்பாளத்தைப் பரணிலிருந்து இறக்கி
புளி போட்டுத் துலக்கி
பானைச் சோறு முழுக்க அதில் கவிழ்த்தார்.
முழுக்க என்று அவர் நினைத்தார்.
நடுவில் மீன், சுற்றிலும் வழியும் கறி.
வாங்க, இரிங்க எல்லாரும்.

லாஞ்சில் ஆறு பேர், ஒரு தட்டு.
சிட்டகாங் ரஃபீக், மிஸ்ரி ரெண்டு பேர்,
கடியபட்டணத்து ஜெரோன், நகுதாவின் மகன், இவர்.
அவனவன் முன்னால் உள்ளதை மட்டும் தின்னணும்.
நல்ல துண்டு கிடைத்தால்
பக்கத்து ஆள் பக்கம் தள்ளணும்.
அதுதான் அங்கே சட்டமாம்.
'எச்சிலு' என்று மாமி
தன் கிண்ணியோடு அடுக்களைக்குப் போய்விட்டாள்.
ஜெர்சிலின் இரண்டு கையையும் விட்டாள்.
இடத்தே கையை எடு பிள்ள என்று
அவளுக்கு மட்டும் ஒரு அதட்டல்.

நானும் இருந்தேன்.
எது என் பக்கம் என்று தெரியவில்லை.
வட்டத்துக்கு ஏது பக்கம்.
அவர் வயிற்றுத் துண்டைப் பிய்த்து
முள் பார்த்து
என் முன்னால் தள்ளினார்.
இத்தனை வருஷமும் நீ
வாலைத்தானே தின்ன, என்றார் மெள்ள.
கண் நனைந்திருந்தது.
வத்தலாகவும் இருக்கலாம்.

எப்படிச் சொல்வேன்.
எல்லாரும் தின்று எழும்பின பிறகு
மண்சட்டி அடியில் சுண்டி ஒட்டின கறியில்
ஒரு பிடி சோறு போட்டுப் புரட்டி
தனியே இருந்து தின்கிறேன்,
அவர் கரையில் இருந்தாலும் கடலில் இருந்தாலும்.
இந்த வீட்டிலேயே பெரிய பங்கு அது.
வால் சும்மா, ஊருக்குக் காட்ட.

வயிற்றுத் துண்டைத் தின்றேன்.
நல்லா இருக்கு என்றேன்.
நல்லாத்தான் இருந்தது.

உச்சை கழிந்து எல்லாரும் படுத்த பிறகு
மூடி வைத்திருந்த ஒரு பிடிச் சோற்றைச்
சட்டியில் போட்டு
விரலால் வழித்துக்கொண்டிருக்கிறேன்.
தண்ணி குடிக்க வந்தவர்
அடுக்களைக் கதவைப் பிடித்தபடி நிற்கிறார்.

என்ன கறி?

நடுவில் இரண்டரை மணி நேரம் இல்லாமல்
அந்தக் கேள்வி
இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதில்லை.
கைவசம் பொய் ஒன்றும் இல்லை.

சட்டிக்கறி என்றேன்.
உங்களுக்கு வயிறு தாங்காது,
போய்ப் படுங்க.