டயர்க்கடை மாடி

கே.கே. நகர்க்காரர் என்னைவிடக்
கடிகாரத்தை நன்றாகக் கவனித்தார்.
அண்ணாநகரில் மூச்சை எண்ணச் சொன்னார்கள்;
எண்ணினேன்,
வட்டிக்கணக்கில் போய் முடிந்தது.

பழங்காநத்தத்தில் டயர்க்கடை மாடி.
கீழே சுத்தியல் விழும்போதெல்லாம்
என் தோள் குலுங்குவதைப் பார்த்து
எழுந்துபோய்
ஜன்னலைச் சாத்தினார் செண்பகவல்லி மேடம்.
அதுவரை யாரும் பார்த்ததில்லை அதை.

"விபத்துப் பயத்துக்கு நான் படிக்கல.
தெரியாம கைய வச்சிரக் கூடாது."
திருநகர் விலாசம் ஒன்றை
எழுதித் தந்தார்.

இப்படிச் சொன்னதற்காகவே
இவரிடமே இருந்துவிடலாம்
போலிருந்தது.

படியிறங்கி நிற்கிறேன்.
ஹாரன்.
துண்டுச்சீட்டின் பின்பக்கம் அவர் கையெழுத்து:
'போனீங்களான்னு ஒரு போன் பண்ணுங்க.'

இரண்டு பஸ்ஸை விட்டாயிற்று.
சில்லறை
கைக்குள் சூடாக இருக்கிறது.