மூன்று பொட்டு குறைந்தது

சம்பளம் விழுந்த மறுநாள் ராத்திரி
ஏ.டி.எம்முக்கும் எங்கள் கேம்ப்புக்கும் நடுவே
நானூறு மீட்டர்.
அதில் நூற்றிருபது இருட்டு.
பைக்கில் வருவார்கள், இரண்டு பேர்.
ஜனவரியில் நான்கு பறிப்பு, பிப்ரவரியில் ஏழு.
ஏழாவது ஆள் ஈரய்யா.
பணத்தை விட்டுவிட்டான், போனை விடவில்லை.
தலையில் ஆறு தையல்.
போனில் அப்படி என்ன இருந்ததென்று கேட்டேன்.
சொல்லவில்லை.

பதிவேட்டில் எழுதியவன் நான்.
சந்தியாகு, இரவு ஷிப்ட், கேட் இரண்டு.
எழுதிய தாளைக் கம்பத்தில் கட்டினால்
எரியுமா என்ன.

மார்ச்சில் சஜாவுக்கு வந்தாள் ஹனான்.
கார்ட்டூம்காரி, கழுத்தில் பல்கலைக்கழக அட்டை,
கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி.
வெளிச்சத்தை அளக்குமாம்.
பாலை அளந்து பார்த்திருக்கிறேன், நிலத்தை அளந்தும்.
வாயளப்பதில் எங்கள் ஃபோர்மேன் கெட்டிக்காரர்.
இது புதுசு.
பத்தடிக்கு ஒருமுறை குனிந்து தரையில் வைத்தாள்.
மளிகைக்கடை வாசல்: நாற்பது.
கழிவுநீர் லாரி நிற்கும் மூலை: மூன்று.
அதைத் தாண்டி பூஜ்யம்,
பூஜ்யம்,
கருவியின் முகம் மட்டும் பச்சையாய் மினுங்க
இன்னுமொரு பூஜ்யம்.

"திருடனைப் பிடிக்கவா?" என்றேன் ஹிந்தியில்.
"அவன் நிற்கிற இடத்தைப் பிடிக்க" என்றாள்
என்னைவிட மோசமான ஹிந்தியில்.

நான்கு மொழியில் கேள்வித்தாள் கொடுத்தாள்.
எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'நன்று' போட்டார்கள்.
தையல் பிரிக்காத ஈரய்யாவும்
'மிக நன்று'.

சிரித்துக்கொண்டாள்.
மறுநாள் மெஸ் சுவரில்
போர்வை அகலத்துக்கு ஒரு வரைபடம்:
எங்கள் கேம்ப், எங்கள் சந்து, எங்கள் குழாயடி.
பக்கத்தில் ஒரு சுருள் சிவப்புப் பொட்டு.
பெயர் வேண்டாம், எழுத வேண்டாம்,
பயம் வரும் இடத்தில் ஒட்டுங்கள்.
யார் ஒட்டுவதென்று யாருக்கும் தெரியாதிருக்க
விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்,
வெளிச்சம் அளக்க வந்தவள்.

காலையில் எண்ணினோம்.
சுருளில் தீர்ந்தவை அறுபத்தொன்று.
சந்தில் பத்தொன்பது, நினைத்த மாதிரியே.
கழிப்பறைக்குப் பின்னால் நான்கு. அதை யாரும் பேசவில்லை.
ஆபீஸ் கதவில் முப்பத்தைந்து.
பொட்டின் மேல் பொட்டு, இடம் போதாமல்,
அம்மை போட்ட தோல் போல.

அந்தக் கதவுக்கு மேலே இரண்டு ஃப்ளட் லைட், ஒரு கேமரா.
கருவி இருநூற்றுப் பத்து காட்டியது.
கேம்ப்பிலேயே அங்கேதான் அதிகம்.
உள்ளே இரும்பு அலமாரி, அதற்குள்
எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும்,
பிடித்தம் ஏனென்று கேட்கப் போனவர்களின்
பெயரெழுதிய நோட்டும்.

ஹனான் ரொம்ப நேரம் பேனாவைத் திறக்கவில்லை.
"என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை."
பிறகு ஓரத்தில் எதையோ எழுதினாள்,
சின்ன எழுத்தில், வலமிருந்து இடமாக.

கணக்கில் மூன்று குறைந்தது.
கீழே விழுந்திருக்குமென்று
மேஜைக்கடியில் தேடினேன்.
வரைபடத்திலேயே இருந்தது,
கேட் இரண்டின் காவல் கூண்டில்,
மூன்றும் வரிசையாக.

பத்து மணிக்கு மேல் வருகிறவனின் பையைக்
கொட்டிக் காட்டச் சொல்வது மேலிடத்து உத்தரவு.
குரல் என்னுடையது.

ஏப்ரலில் மூன்று கம்பம் நட்டார்கள்.
ஏ.டி.எம் மளிகைக்கடைக்குள் குடிவந்தது.
பறிப்பு அந்த மாதம் ஒன்று, மே மாதம் இல்லை.
மேனேஜர் புதுக்கம்பத்தின் கீழ் போட்டோ எடுத்துக்கொண்டார்.
ஆபீஸ் கதவுக்கும் ஒரு மாற்றம் வந்தது:
இன்னொரு கேமரா.

சம்பள ராத்திரிகளில் நான் இப்போது
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
இரண்டாவது கம்பத்தடியில் போய் உட்கார்கிறேன்.
பையைப் பற்றிக் கேட்பதில்லை.
சாப்பிட்டாச்சா என்கிறேன்.
சிலர் ஆச்சு என்கிறார்கள்.

நேற்று மொக்லெஸ் என்னைக் கண்டதும்
சாலையைக் கடந்து எதிர் ஓரமாகவே நடந்தான்,
பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.
விளக்கு அந்த ஓரத்தையும் கொஞ்சம் தொடுகிறது.
எவ்வளவென்று தெரியவில்லை.
கருவியை அவள் கொண்டுபோய்விட்டாள்.