இரண்டாவது பாத்திரம்

குளியலறைக் குழாய்
இருபது நிமிடமாக ஓடுகிறது.
வாளி எப்போதோ நிரம்பியிருக்கும்.
உள்ளே விண்ணரசி.
ஒன்பது மணிக்கு வந்த அழைப்பில்
அவள் சொன்னது மொத்தமே
சரி.
சரி.
வைக்கிறேன்.

கதவைத் தட்டலாம்.
தட்டி, என்ன கேட்பது?
குதைபியாவின் இந்த மூன்றாம் மாடியில்
நான்கு பேர் வாடகையைப் பிரித்துக்கொண்ட அன்றே
முடிவாகிவிட்டது:
சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை.
ஊர் அழைப்பில் என்ன என்று கேட்பதில்லை.
ஃப்ரிட்ஜில் மட்டும்
பால் யாருடையது, முட்டை யாருடையது,
பேர் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அதனால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன்.

சீனி டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.
பகலெல்லாம் என் கையில் பிறத்தியார் சர்க்கரை.
வெறும் வயிற்றில் ஒன்று,
தின்று இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று,
லேபிள் சுற்றி ரேக்கில் நிற்கும்
விரல் நீளச் சிவப்புகள்.
வீட்டுக்கு வந்தும்
அந்த வெள்ளையில் கரண்டி விட மனசில்லை.
(இனிப்பு எதில் வந்தாலும் இனிப்புதான்,
ரத்தத்துக்கு எல்லாம் ஒரே கணக்கு,
தெரியும். இருந்தாலும்.)

பேரீச்சை ஏழு கிடந்தது,
கொட்டையை விடமாட்டேன் என்று காய்ந்துபோய்.
வெந்நீரில் ஊறப்போட்டேன்.
லூமி நான்கு.
கறுக்கும்வரை காய்ந்த எலுமிச்சை,
காதோரம் ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும்.

லூமியை எனக்குச் சொன்னவள் ஹுதா.
நரம்பு ஒளித்துக்கொள்ளும் கை அவளுக்கு.
நான் தட்டித் தட்டித் தேடும்போது
ஊசியைப் பார்க்காமல் இருக்க
எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள்.
போன வாரம் லூமி தேநீர்.
அவள் அரபியில் பாதி,
என் அரபியில் கால்,
மிச்சத்துக்கு விரல்கள்:
உடைப்பது போல ஒன்று,
கிள்ளி எறிவது போல ஒன்று.
ஒரு சிட்டிகை போடு என்கிறாள் என்று
நானாக நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

உடைத்தேன். போட்டேன்.
எதைச் சிட்டிகை என்று தெரியாமல் உப்பைப் போட்டேன்.
ஐந்து நிமிடக் கொதி.
ஒரு வாய் வைத்தேன்.
கசப்பு
பல்லின் வேர்வரை போனது.
சிங்க்கில் சாய்த்தபோது
சல்லடையில் தங்கின விதைகள்,
குட்டி குட்டியாய், சாம்பல் நிறத்தில்.
அப்போதுதான் ஹுதாவின் விரல் புரிந்தது.
போடு என்று சொல்லவில்லை அவள்.
எடு.

இன்னும் மூன்று லூமி டப்பாவின் அடியில்.
கொண்டை ஊசியால் நோண்டி நோண்டி
விதை எடுத்தேன்.
விரல்நுனி எரிந்தது, சின்ன வெட்டு ஒன்று
எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.
சுக்கு தட்டினேன், மெதுவாக,
பக்கத்துக் கட்டிலில் நைட் டூட்டிக்காரி தூங்குகிறாள்.
பேரீச்சையைக் கையாலேயே பிசைந்து வடித்தேன்.
தோல் மட்டும் மிஞ்சியது.
தண்ணீர் இஞ்சின் ஆயில் மாதிரி ஆனது,
அழகாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

குழாய் நின்றது.

வந்தாள். முகம் கழுவியிருந்தாள்,
கழுவினால் போகாதது போகவில்லை.
டம்ளரை நீட்டினேன்.
முதல் வாய்க்குப் புளிப்புதான்,
நெற்றி சுருங்கியது.
பேரீச்சையின் இனிப்பு சீனி மாதிரி
வாசலிலேயே கட்டிப்பிடிக்காது,
விழுங்கிய பிறகுதான் மெல்ல வந்து
தொண்டையில் உட்காரும்.
அது வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சீனி போட்டியா?"
"இல்ல."
"போடி, பொய்."
இரண்டாவது வாய். மூன்றாவது.
"டிக்கெட்ட மாத்தணும்" என்றாள்
டம்ளருக்குள்.
முன்னாலா பின்னாலா என்று
நான் கேட்கவில்லை.
கேட்கலாமோ என்று
கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன்.
அவள் டம்ளரை மறுபடி நீட்டினாள்.

மிச்சத்தை ஜாடியில் ஊற்றி
ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
லேபிள் கிழித்து, வேலைப் பழக்கத்தில்
தேதி எழுதினேன், நேரம் எழுதினேன்:
இரவு பதினொன்று இருபது.
பேர் என்ற இடத்துக்கு வந்ததும்
பேனாவை மூடிவிட்டேன்.