பித்தான்

தலைக்கு நானூற்றைம்பது என்றாள் அனுசூயா.
பிரியாணி, கேக், கோவையிலிருந்து மைக்செட்,
டீச்சர்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம்.
நோட்டில் கோடு கிழித்துப் பெயரெழுதி
கொடுத்தவர்களுக்கு டிக் போட்டுக்கொண்டே போனாள்.
ஃபேர்வெலுக்கு முந்தின வாரம்வரை
பிளஸ் டூ பி-யில் டிக் விழாத பெயர்கள் மூன்று.
ஒன்று நான்.

அம்மாவுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய்.
நாற்பத்தைந்து கிலோ கொழுந்து என்று
மனசுக்குள் நிறுத்துப் பார்த்தேன்.
மழை மாதமென்றால் ஒன்றரை நாள்.
இது தை.
பனியில் கருகிய செடி
இலை தர யோசிக்கும்.
அம்மா யோசிக்கவில்லை.
பால்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

புடவை கட்டாயம்.
நாலு வீடு தள்ளி நர்ஸ் ரீட்டா அக்கா தந்தாள்:
சாம்பல் நிறம், அரக்குக் கரை.
அதன் ரவிக்கைக்குள் என்னைப்போல் இருவர் நுழையலாம்.
டெய்லர் ஜபருல்லா
லைனிங்கோடு முந்நூற்றைம்பது சொன்னார்,
இல்லாமல் இருநூற்றைம்பது,
தைக்காமலே விட்டால் இலவசம் என்று அவரே சிரித்தார்.
வீட்டில் இருந்தது ஒன்று:
ஒன்பதாம் வகுப்புக் கோலாட்டத்துக்குத் தைத்த
எலுமிச்சை மஞ்சள்.
அக்குளில் பிரித்துவிட்டால் மூச்சு விடலாம்.

கோத்தகிரியில் பிறந்தவளுக்கு
இதற்கா வழி தெரியாது?
மேலே ஸ்வெட்டர்.
இங்கே கல்யாணப் பெண்ணே
ஸ்வெட்டரோடுதான் பந்தியில் உட்காருவாள்.
அரக்கு ஸ்வெட்டர், கரைக்கு அப்படியே பொருத்தம்,
கழுத்துவரை ஏழு பித்தான்.
மீதியைக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

விடிகாலை குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது.
புல்லெல்லாம் உப்பு.
சந்தோஷப்பட்டேன்.
ராத்திரி உறைபனி விழுந்தால்
பகலில் வெயில் கொளுத்தும் என்பது
பதினேழு வருஷமாய்த் தெரிந்த பாடம்.
பரீட்சையில் மறப்பதுபோல் மறந்தேன்.

பதினொரு மணிக்கு ஹாலின் தகரக்கூரை
டப் டப்பென்று சூடேறி முனகியது.
ஒவ்வொரு ஸ்வெட்டராய்க் கழன்று
நாற்காலி முதுகுகளில் குவிந்தது.
கயிறு கட்டிய ரவிக்கைகள்,
கண்ணாடி பதித்த ரவிக்கைகள்.
என் முதுகுத்தண்டில் ஓர் ஓடை.
'கழட்டுடி, வேர்க்குது பாரு.'
'ஜலதோஷம் மிஸ்.'
பொய்க்குச் சாட்சியாக இருமுறை இருமினேன்.

ஜன்னலோரம் காற்றுக்கு ஒதுங்கினால்
அங்கே ஏற்கெனவே ஒருத்தி.
அனுசூயா. வசூல் நோட்டு அனுசூயா.
கழுத்துவரை பூட்டிய கறுப்பு ஸ்வெட்டர்,
மேலுதட்டில் வியர்வை.
'உனக்கும் ஜலதோஷமா?'
'ஆமா. உனக்கு?'
நடுவில் ஒரு பித்தானைத் திறந்து மூடினாள்.
வரிசையாய் ஊக்குகள்,
அவள் அம்மாவின் ரவிக்கையை மடித்துப் பிடித்தபடி.
நான் மேல் பித்தானைத் திறந்தேன்.
'அய்யோ, மஞ்சளா!' என்றாள்.
சிரித்த சிரிப்பில் ஓர் ஊக்கு பிரிந்து அவளைக் குத்த
அதற்கும் சிரித்தோம்.

மூன்று பெயரில் இரண்டாவது
யாருடையது என்று கேட்கவில்லை.
மூன்றாவது தவமலர்.
அவள் வரவில்லை.
எண்ணி வைத்த பிரியாணிப் பொட்டலங்களில்
அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை.
'அவகிட்ட ரெண்டு தடவைதான் கேட்டேன்'
என்றாள் அனுசூயா,
நான் ஒன்றும் சொல்லாதபோதே.

கடைசியில் வழக்கம்போல் படுகப் பாட்டு.
வட்டத்தில் எல்லாரும் சேர்ந்தோம்,
இரண்டு ஸ்வெட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில்,
கை தூக்கும்போது மட்டும் கவனமாக.

நாலரைக்கு வெயில் சட்டென்று இறங்கியது.
பஸ் ஸ்டாண்டில் நனைந்த ரவிக்கையோடு நடுங்கினோம்.
கடன் தருவதாகச் சொல்லியிருந்த
சொந்தக்காரர் மாதிரி
எல்லாம் முடிந்தபிறகு வந்தது குளிர்.

பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக
பேப்பரில் சுற்றிய கேக்கை நீட்டினாள்.
'தவமலர் உங்க காலனிதானே?'

என்ன சொல்லிக் கொடுப்பதென்று
பத்து வளைவுக்கு யோசித்தேன்.
இறங்கும்போது ஐசிங் கையெல்லாம்.